சின்னவள் நட்ட புல்

“புல்லைப் போய் யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா?”

மூத்தவள் ஜன்னல் கம்பி வழியாகத்தான் கேட்டாள். ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி கேட்டாள்.

“இது புல் இல்லக்கா. பாக்கத்தான் புல் மாதிரி இருக்கும். பூச்செடி,” என்றாள் சின்னவள். குந்தி உட்கார்ந்து கையளவு குழி தோண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தட்டு நிறைய சின்னச் சின்னத் தூர்கள். ஒவ்வொன்றிலும் ஈர்க்குச்சியை நறுக்கிச் செருகியதுபோலப் பத்துப் பதினைந்து இலைகள்.

“பூ எங்க?”

“இனிமேதான் பூக்கும். வித்த ஆளு சொன்னாரு. நீலமா, நட்சத்திரம் மாதிரி பூக்குமாம். இந்த மண்ணுலயே தானாப் பிறந்து வளர்ற ஜாதியாம். உரம் வேணாம், மருந்து வேணாம். வாடினா கொஞ்சம் தண்ணி. அதுபாட்டுக்குத் தூர் கட்டிப் பெருத்துக்கிட்டே போகுமாம்.”

“புல்லும் அதைத்தான் பண்ணும்.”

சின்னவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் மூத்தவளுக்கு ஆகாது. எதைச் சொன்னாலும் சிரித்துவிடுகிறவளிடம் சண்டை எப்படிப் போடுவது?

அண்ணனைக் கட்டியவள் மூத்தவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். ஒரே வீடு, இரண்டு அடுப்பு. மூத்தவளுக்குத் தையல் தொழில். ஜன்னலோரம் மிஷினைப் போட்டு அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைக்கிறாள். சின்னவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அட்டை. “நம்ம வீட்டுல ரெண்டு ஊசி,” என்பார் மாமனார் வருகிறவர்களிடம். “ஒண்ணு துணியக் குத்தும், ஒண்ணு நம்மளக் குத்தும்.” எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் லேப் ஊசியைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். தையல் ஊசியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

பொறாமை என்று மூத்தவள் இதைச் சொல்லமாட்டாள். நியாயம் என்பாள். அந்த மண் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் கிழக்குப் பக்கமாக ஒரு பட்டை மண், சரியாக அவள் ஜன்னலுக்கு எதிரில். அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்கார அங்கே சிமெண்ட் பூசி ஒரு பெஞ்சு போட்டுத் தாருங்கள் என்று சின்னவள் இந்த வீட்டுக்குள் வருவதற்கு முன்பே மாமனாரைக் கேட்டிருக்கிறாள்.

“வழிய அடைக்காதம்மா,” என்றார் அவர் அப்போது. “நாளைக்கே எனக்கு ஒண்ணுன்னா அந்த வழியாத்தான ஸ்ட்ரெச்சர் போகணும்?”

சின்னவள் வந்தாள், செடி வைக்கவா மாமா என்றாள். தாராளமா வையம்மா என்றுவிட்டார்.

“இப்ப ஸ்ட்ரெச்சர் எப்படிப் போகுமாம்?” என்று மூத்தவள் கேட்டுத்தான் பார்த்தாள்.

“செடின்னா மேலாக்கத் தூக்கிட்டுப் போயிடலாம்மா. பெஞ்சை எப்படித் தாண்டறது?”

அன்றைக்கு வயிற்றில் பற்றியது, அணையவில்லை.

தூர்கள் வேர் பிடித்தன. சின்னவள் இருட்டோடு எழுந்து அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிப்பாள். சாயங்காலம் வந்து பையைக்கூட இறக்காமல் குனிந்து பார்ப்பாள். பச்சையாக இருக்கும். அவ்வளவுதான் இருக்கும்.

“என்ன, நட்சத்திரம் விழுந்துதா?” என்பாள் மூத்தவள் பாபினில் நூலைச் சுற்றிக்கொண்டே.

“வரும்க்கா. அவசரம் என்ன?”

“எனக்கென்னம்மா அவசரம். மாடு வளக்கறவங்க யாராவது கேட்டா சொல்லணும்ல, அதான்.”

மூத்தவளுக்கு அந்த நாட்கள் நல்ல நாட்கள். சின்னவள் கை வைத்து விளங்காமல் போன ஒரே விஷயம் அந்தப் பச்சைத் தூர்கள். மிஷின் மிதிக்கும்போது நிமிர்ந்து அதைப் பார்த்தால் மனசுக்குள் சின்னதாக ஒரு குளிர்ச்சி.

அப்படி ஒரு நாள் நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள்.

வெயில் மதிலைத் தாண்டி மண்ணில் இறங்கியிருந்தது. ஒரு தூரின் நுனியில் ஏதோ நீலமாக ஒட்டிக்கொண்டிருந்தது. தன் நூல் துண்டுதான் பறந்திருக்கிறது என்று முதலில் நினைத்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ஆறு இதழ். நடுவில் பொட்டு வைத்ததுபோல மஞ்சள். சட்டைப் பொத்தானைவிடப் பெரிதில்லை. அதன் நீலம் இருக்கிறதே, சீருடைத் துணியெல்லாம் அதன் பக்கத்தில் அழுக்கு.

வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவள் மதியச் சமையலுக்கு எழுந்து போனாள். திரும்பி வந்தபோது பூவைக் காணோம். எழுந்து ஜன்னலில் முகத்தை வைத்துத் தேடினாள். பூ கிளியின் மூக்குப்போலச் சுருண்டு இலையோடு இலையாக நின்றது. அங்கே பூ இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். அது சத்தியம். சாயங்காலம் சின்னவள் வந்ததும், ‘உன் புல்லு பூத்துதும்மா’ என்று சொல்வதற்கு வார்த்தைகூடத் தயாராக இருந்தது. ஆனால் அன்றைக்கென்று பார்த்து மாமனாருக்குச் சர்க்கரை பார்க்க ரத்தம் எடுத்தாள் சின்னவள். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“குத்தினதே தெரியல!” என்று மாமனார் கையைத் தூக்கிக் காட்டினார். “பூ மாதிரி கை. யாருக்கு வரும் இது?”

“எனக்குத்தான் தினம் ஊசி குத்துது, ரத்தம் வருது. என்னை யார் பாக்கறா,” என்றாள் மூத்தவள், விளையாட்டுப்போல.

“உனக்கு அது தொழிலாச்சேம்மா,” என்றார் அவர், தாராளமாக.

நுனி நாக்கில் இருந்தது உள்ளே போய்விட்டது. பூவாம் பூ. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பூ மாதிரி கை வைத்தது பூத்துவிட்டது என்று இன்னும் ஒரு சுற்று ஆடியிருப்பார்கள்.

மறுநாள் மூன்று பூத்தன. அதற்கடுத்த நாள் எத்தனையோ. காலை வெயில் மண்ணைத் தொட்டதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் விழிக்கும். மதியம் திரும்புவதற்குள் சுருண்டுவிடும். அந்தப் பூ மறுபடி விரியாது. நாளைக்கு வேறு பூ. சின்னவள் பஸ் ஏறும்போது இருட்டு, வந்து இறங்கும்போது கதை முடிந்திருக்கும். மாமனார் காலைச் சாப்பாடு முடிந்ததும் நூலகத்துக்குப் போய்விட்டால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். ஆண்கள் இருவரும் வேலைக்கு. உலகத்தில் அந்தப் பூக்களைப் பார்க்க ஒரு ஜோடிக் கண்தான் இருந்தது. அதுவும் அந்தப் பூக்களுக்கு வாய்க்கரிசி போடக் காத்திருந்த கண்.

அவளே எதிர்பார்க்காத விதமாக அது அவளுடையதாகிவிட்டது. மிஷினைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். காலர் தைப்பதுபோன்ற நுணுக்கமான வேலையைக் காலையில் வைப்பவள், அதை மதியத்துக்கு மாற்றினாள். காலையில் நேர்த்தையல் மட்டும். கண்ணை எடுத்தாலும் கை ஓடும்.

அளவு கொடுக்க வந்த ஒருத்தி ஜன்னலை எட்டிப் பார்த்து, “ஐயோ, என்ன அழகு! என்ன பூ இது?” என்றாள்.

மூத்தவள் எழுந்து திரையை இழுத்தாள். “பூவா? களை. கையத் தூக்குங்க, அளவெடுக்கணும்.”

சின்னவள் ஒருநாள் தூரில் மிளகுபோல உருண்டையாக ஏதோ தொங்குவதைக் கண்டுபிடித்தாள். “அக்கா, இது என்ன காயா? பூக்காம எப்படிக் காய்க்கும்?”

“புல்லு விதை,” என்றாள் மூத்தவள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

ஒரு தடவை சின்னவள் காய்ச்சல் என்று லீவு போட்டாள். அன்று காலை முழுவதும் மூத்தவள் மிஷினை விட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வையைப் போர்த்திக்கொண்டு இவள் எழுந்து வந்துவிட்டால்? ஆனால் வானம் மூடிக்கிடந்தது. வெயில் இல்லாவிட்டால் அந்தப் பூ இமை திறக்காது. மேகத்துக்கு மனசுக்குள் ஒரு நன்றி சொல்லிவிட்டு, சின்னவளுக்குக் கஞ்சியும் வைத்துக் கொடுத்தாள்.

சரி, ஞாயிற்றுக்கிழமை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். வாரம் ஒரு நாள் வீட்டில் இருக்கிறவள் அன்றைக்காவது பார்த்திருக்க வேண்டாமா?

அங்கேதான் இருந்தது வேடிக்கை. வாரத்துத் துணியெல்லாம் சின்னவள் ஞாயிற்றுக்கிழமைதான் துவைப்பாள். மதிலையொட்டி நீளமாக ஒரு துணிக்கொடி. காலையில் முதல் வேலையாகப் படுக்கை விரிப்பு, போர்வை, வெள்ளைக் கோட்டுகள் என்று தரை தொடும்படி வரிசையாகத் தொங்கவிடுவாள். கிழக்கே இருந்து வருகிற வெயில் முழுவதையும் அந்த விரிப்புகள் வாங்கிக்கொள்ளும். பின்னால் நிற்கும் தூர்கள் மொட்டோடு நிழலில் தூங்கும். துணி காய்ந்து அவள் எடுக்கும்போது மதியம் ஆகிவிடும். தன் செடிக்குத் தானே வாரா வாரம் திரை கட்டிவிட்டு, “பூக்கவே மாட்டேங்குது, ஏமாத்திட்டான் அந்த ஆளு,” என்று புலம்புகிறாள்!

மூத்தவள் ஜன்னலில் உட்கார்ந்து அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் பூ கிடையாது. அந்த ஒரு நாள் அவளுக்கும் பட்டினிதான்.

வம்பு அந்தத் துணியிலிருந்துதான் வந்தது.

“அக்கா, ஒரு நிமிஷம் வாங்க.” சின்னவள் சிரிக்கவில்லை. கையில் வெள்ளைக் கோட்டு. அதன் விளிம்பில் நீலமாக, ஊதாவாக, சின்னச் சின்ன முறுக்குகள் ஒட்டியிருந்தன. எடுத்த இடத்தில் கறை. “உங்க நூல் துண்டு. போன வாரமும் இப்படித்தான். கோட்டு சுத்தமா இல்லன்னா எங்க டாக்டரம்மா வாசல்லயே நிறுத்திடுவாங்கக்கா.”

மூத்தவள் பார்த்தாள். ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. நூலா அது? நேற்று விரிந்து சுருண்ட பூ. காற்றில் ஆடிய ஈரத் துணி தூரின்மேல் உரசி வாரிக்கொண்டு வந்திருக்கிறது.

அவள் நூல் சாயம் விடாது. இத்தனை வருஷத்தில் ஒருத்தர், ஒருத்தர் சாயம் விட்டது என்று அவள் தைத்த துணியைத் திருப்பிக் கொண்டுவந்தது கிடையாது. கத்தரித்த துண்டுகளை டப்பாவில் போடாமல் ஜன்னல் வழியாக ஊதித் தள்ளுகிறவளா அவள்? ‘நல்லாப் பாரு, என் நூலா இது?’ என்று கேட்க வாய் திறந்தது.

கேட்டால் அடுத்த கேள்வி வரும். அப்போது இது என்ன?

“காத்துல பறந்திருக்கும்,” என்றாள் மூத்தவள். “இனிமே பாத்துக்கறேன்.”

அவளா சொன்னாள் அதை? ராத்திரிச் சாப்பாட்டில் கொழுந்தன் வேறு, “அண்ணி, தையல் ரூம் ஜன்னலுக்கு ஒரு வலை அடிச்சுடவா?” என்று கேட்டான். மாமனார், “தொழில்னா ஒரு சுத்தம் வேணும்மா,” என்றார். மூத்தவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். தன் தொழிலைப் பழி சொல்லவிட்டாவது அந்தப் பூவைத் தனக்கே வைத்துக்கொண்டாள். பொறாமை என்ன விலை கேட்டாலும் கொடுக்கிறவர்கள் உண்டு.

அடுத்த வாரமும் கோட்டில் கறை. அதற்குப் பிறகு சின்னவளுக்கே அலுத்துவிட்டது.

“எதுக்கு இந்தப் புல்லு? பூக்கவும் மாட்டேங்குது, அக்காவோட நூலெல்லாம் இதுல சிக்கிட்டுக் கூட்டவும் முடியல,” என்றாள் புருஷனிடம். “பிடுங்கிட்டு டைல்ஸ் போட்டுடலாம். வண்டியாவது நிறுத்தலாம்.”

“அதைத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்,” என்றான் கொழுந்தன். அவன் அன்றைக்கு எதுவுமே சொல்லவில்லை. “வர்ற ஞாயித்துக்கிழமை மம்பட்டி எடுத்துடறேன்.”

மூத்தவள் வாசல்படியில் நின்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அவள் ஜெயித்துவிடுவாள். புல் என்று அவள் சொன்னது புல்லாகவே போய்ச் சேரும். சின்னவளின் தோட்டம் ஒரு வண்டி நிறுத்துமிடம் ஆகும். இத்தனை நாள் வேண்டியது இதுதானே?

மறுநாள் பூக்கள் வழக்கம்போல விரிந்தன. அவளால் ஒரு சட்டைக்கைகூட நேராகத் தைக்க முடியவில்லை.

சாயங்காலம், ஏதோ போகிற போக்கில் கேட்பதுபோல, “எதுக்குத் தூக்கிப் போடணும்? எனக்குக் குடு. பின்னால நட்டுக்கறேன்,” என்று சொல்லிப் பார்த்தாள்.

சின்னவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “என்னக்கா, மாடு ஏதாவது வாங்கப் போறீங்களா?”

கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். மூத்தவள் முகத்தில் ஈயாடவில்லை. அவள் சொன்ன வார்த்தைதான், அளவு பிசகாமல் தைத்துத் திரும்பி வந்தது. போதாததற்கு, பின்பக்கம் வெயிலே விழாது. அங்கே நட்டால் அது உண்மையிலேயே புல்லாகத்தான் இருக்கும்.

“என்ன, ரெண்டு நாளா யார்கூடவும் பேச்சில்ல?” என்று ராத்திரி அவள் புருஷன் கேட்டான்.

“உங்க தம்பி பொண்டாட்டி நல்லாத்தான இருக்கா. அவள விசாரிங்க.”

“நான் உன்னத்தான கேட்டேன்?”

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பளிச்சென்று விடிந்தது. சின்னவள் துணியைக் காயப்போட்டுவிட்டு உள்ளே போனாள். கொழுந்தன் மம்பட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தான். மூத்தவள் ஜன்னலில் இருந்தாள். வரிசையாக விரிப்புகள். அவற்றின் நிழலில் மொட்டுகள், இறுக மூடிய சின்ன முஷ்டிகளாக.

கொழுந்தன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான்.

மூத்தவள் எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முதல் விரிப்பைக் கொடியிலிருந்து உருவினாள். அடுத்தது போர்வை. அதற்கடுத்துக் கோட்டு. ஈரத்தையெல்லாம் தோளில் வாரிப் போட்டுக்கொண்டாள்.

“அண்ணி! என்ன பண்றீங்க?”

சின்னவள் ஓடி வந்தாள். “அக்கா! என் கோட்டு! நாளைக்குப் போட்டுட்டுப் போகணும்! கோவம்னா வாயால சொல்லுங்க, துணிமேல ஏன் காட்டறீங்க?”

“நில்லு.”

“என்ன நில்லு?”

“அந்த மம்பட்டியக் கீழ வைக்கச் சொல்லு. வச்சுட்டு நில்லு. வாயத் திறக்காத. பாரு.”

ஈரத் துணி அவள் முதுகெல்லாம் சொட்டியது. கொழுந்தன் மம்பட்டியையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தான். ‘இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு’ என்று அவன் கண் சின்னவளிடம் சொன்னது. நூலகத்துக்குக் கிளம்பிய மாமனார் குடையோடு வந்து நின்றார். வெயில் மண்ணில் விழுந்து கிடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. கொழுந்தன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினான்.

“அக்கா, எவ்வளவு நேரம்...” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

ஒரு முஷ்டி தளர்ந்தது. ஒரு இதழ் விலகியது. அப்புறம் பக்கத்துத் தூரில் இன்னொன்று. அப்புறம் எல்லோரும் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறினார்கள். மதிலோரம் முழுக்க நீலம், நீலத்துக்கு நடுவே மஞ்சள் பொட்டு.

சின்னவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“தினமும் வருது,” என்றாள் மூத்தவள். “வெயில் பட்டாத்தான் வரும். மத்தியானம் போயிடும். ஞாயித்துக்கிழமை நீ வெயில அடைச்சுடற. உன் கோட்டுல இருந்தது என் நூல் இல்ல. இதுதான். என் நூல் சாயம் விடாது.”

அதை மட்டும் அழுத்திச் சொன்னாள்.

“அப்ப அன்னைக்கு ஏன் ஆமான்னீங்க?”

மூத்தவள் கோட்டைப் பிழிந்தாள். சொட்ட வேண்டியதெல்லாம் அவள் முதுகிலேயே சொட்டி முடிந்திருந்தது.

“எத்தனை நாளாப் பாக்கறீங்க?”

“முதப் பூவுலேர்ந்து.”

“ஒவ்வொரு நாளுமா?”

“எதிர்லதான உக்காந்திருக்கேன். கண்ண மூடிக்கிட்டா தைக்க முடியும்?”

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது, மூக்கு நுனி சிவந்திருந்தது. மூத்தவளுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். அவள் கண்ணாடியில் வருஷக்கணக்காகப் பார்த்த முகம்.

“என் காசு,” என்றாள் சின்னவள். “என் தண்ணி. இருட்டுல எந்திரிச்சு ஊத்திட்டு ஓடறது நானு. பூவெல்லாம் உங்களுக்கா?”

மூத்தவளுக்கு அடிவயிற்றில் எதுவோ தித்தித்தது. வெட்கமும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் தித்திப்பு அதைவிட முன்னால் வந்தது.

மாமனார் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார், மறுபடி பூவைப் பார்த்தார். “பெரியவளே, நீ குடுத்து வச்சவம்மா,” என்றார்.

இந்த வீட்டில் அந்த வார்த்தை அவளை நோக்கி வந்தது அதுவே முதல் தடவை.

“நாளைக்கு நான் லீவு,” என்றாள் சின்னவள்.

“என்னன்னு எழுதுவ? புல்லு பாக்கணும்னா?” என்றான் கொழுந்தன்.

“நீங்க அந்த மம்பட்டியக் கொண்டுபோய் உள்ள வைங்க முதல்ல!”

துணி மொட்டைமாடிக்குப் போயிற்று. லீவு கிடைக்கவில்லை. ஆனால் மூன்று பேர் நின்று பார்த்துவிட்டுப் போன அந்த இடம் மூத்தவளுக்கு அன்று மாலையெல்லாம், செருப்புக் காலோடு யாரோ தன் அறைக்குள் நடந்துவிட்டுப் போனதுபோல இருந்தது. சொல்லாமலே இருந்திருக்கலாமோ? சொல்லாவிட்டால் இந்நேரம் டைல்ஸ். இருந்தாலும்.

திங்கட்கிழமை காலை, வெயில் மதிலைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. பின்னணியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற சத்தம்.

“அக்கா, பூத்துதா?”

“ம்.”

“எத்தனை?”

மூத்தவள் மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னலருகே போனாள். விரலை நீட்டி நிதானமாக எண்ணினாள். பதினேழு.

“பன்னெண்டு,” என்றாள்.

“அவ்வளவுதானா? நேத்து நிறைய இருந்துதே? ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கக்கா.”

“என் போன்ல தெளிவா விழாது. நீ வேலையப் பாரு, யார் கையிலயாவது மாத்திக் குத்திடப் போற.”

போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மிஷினை மிதித்தாள். நேர்த்தையல்தான், கை அதுபாட்டுக்கு ஓடியது. கண், கணக்கில் சொல்லாத அந்த ஐந்தின்மேல் இருந்தது.